டமாஸ்கஸில் ஒரு வீட்டு வாசல்: அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரீ (ரஹ்)



பிரான்சை எதிர்த்து 15 ஆண்டுகள் வாளேந்திய ஒரு முஸ்லிம் தலைவர், பின்னாளில் பிரெஞ்சுத் தூதரகத்தாரையே தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார் என்றால் நம்புவீர்களா?

அமீர் அப்துல் காதிர் (ரஹ்) 1808-இல் அல்ஜீரியாவின் முஅஸ்கர் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை முஹ்யித்தீன் காதிரிய்யா தரீக்காவின் ஷைகு. 1830-இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடித்தது. இரண்டே ஆண்டுகளில், 24 வயது இளைஞரான இவரிடம் மக்கள் பைஅத் செய்தார்கள். பிடிபடும் எதிரிகளைக் கொல்லவோ துன்புறுத்தவோ கூடாது என்று அப்போதே தன் படைக்குக் கண்டிப்பான உத்தரவு போட்டவர் அவர்.

1847 டிசம்பரில் ஆயுதத்தைக் கீழே வைத்தார். முஸ்லிம் பூமிக்கு அனுப்பி வைப்போம் என்று பிரெஞ்சுத் தளபதி வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் கொண்டுபோனது பிரான்சின் சிறைக்கு! ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். உடன் வந்தவர்களில் பலர் அங்கேயே மவுத்தானார்கள். அம்புவாஸ் கோட்டைத் தோட்டத்தில் அவர்களின் கப்றுகள் உள்ளன. 1852-இல் விடுதலையாகி, துருக்கியின் புர்ஸாவில் சில காலம் இருந்துவிட்டு, டமாஸ்கஸில் குடியேறி, உமய்யா மஸ்ஜிதில் பாடம் நடத்தினார்.

இப்போது 1860-க்கு வாருங்கள். அந்த மே மாதம் லெபனான் மலையில் துரூஸ்களுக்கும் மரோனியக் கிறிஸ்தவர்களுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. ஜூனில் சஹ்லேயும் தைருல் கமரும் வீழ்ந்தன. உயிர் தப்பியவர்கள் டமாஸ்கஸுக்கு ஓடி வந்தார்கள். அவர்களோடு வதந்திகளும் வந்தன. அங்கே ஏற்கெனவே புகைச்சல் இருந்தது. எல்லாக் குடிமக்களும் சமம் என்ற 1856-ஆம் ஆண்டு சுல்தானின் ஆணை சிலருக்குப் பிடிக்கவில்லை. ஐரோப்பியத் துணி வந்து குவிந்ததில் உள்ளூர் நெசவாளர்கள் நொடித்துப் போயிருந்தார்கள். வயிற்றெரிச்சலுக்கு மார்க்கத்தின் சட்டையை மாட்டிவிடுவது எல்லாக் காலத்திலும் நடப்பதுதானே!

அமீர் இதை முன்கூட்டியே உணர்ந்தார். ஆளுநர் அஹ்மத் பாஷாவைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார். ஆளுநர் அசையவில்லை.

ஜூலை 9. தெருக்களில் சிலுவை வரைந்து கிறிஸ்தவர்களை அவமதித்த முஸ்லிம் இளைஞர்கள் சிலருக்குச் சங்கிலி மாட்டி, கிறிஸ்தவப் பகுதியிலேயே தெருக் கூட்டும் தண்டனை கொடுத்தார்கள். அதைப் பார்த்த கடைவீதி கொதித்தது. சற்று நேரத்தில் பாப் தூமா எரிந்தது.

சிந்தித்துப் பாருங்கள். ஊரைப் பறித்து, வாக்கை முறித்து, சிறையில் வைத்தவர்களின் மதத்தார் மீது கும்பல் பாய்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்திருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வெறுப்பையும் நீதியையும் பற்றிப் பேசும் அல்மாயிதாவின் 8-வது வசனத்தை நாம் ஓதுகிறோம்; அவருக்கு அன்று அதுவே பரீட்சையாக வந்தது.

அவர் தன் அல்ஜீரியத் தோழர்களை எரியும் தெருக்களுக்குள் அனுப்பினார். கிறிஸ்தவர்களை வீட்டுக்கு அழைத்து வந்தார். இடம் போதாமல் கோட்டைக்கு அனுப்பினார். உயிரோடு அழைத்து வரப்படும் ஒவ்வொருவருக்கும் 50 பியாஸ்தர் தருவதாக அறிவித்தார். பணத்துக்காகவாவது காப்பாற்றட்டுமே! அடைக்கலம் புகுந்தவர்களை ஒப்படைக்கச் சொல்லிக் கும்பல் வாசலுக்கு வந்தபோது, தானே வெளியே வந்து எதிர்கொண்டார். கூட்டம் கலைந்தது. ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள்.

அவர் மட்டுமல்ல, மைதான் பகுதி முஸ்லிம்களும் தங்கள் கிறிஸ்தவ அண்டை வீட்டாரைக் காத்தார்கள். இது அதிகம் பேசப்படுவதில்லை.

பிறகு வந்த உஸ்மானிய அமைச்சர் ஃபுஆத் பாஷா, கடமை தவறிய ஆளுநருக்கு மரண தண்டனை விதித்தார். அமீருக்கோ பல நாட்டு அரசுகளின் பதக்கங்கள் வந்தன. ரஷ்யாவை எதிர்த்துப் போராடி அங்கே கைதியாக இருந்த இமாம் ஷாமிலும் (ரஹ்) அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். நன்றி சொன்ன பிஷப் ஒருவருக்கு, ஷரீஅத்தும் மனித உரிமையும் தன் மீது விதித்ததையே செய்ததாக அமீர் பதில் எழுதினார்.

1883-இல் டமாஸ்கஸிலேயே வஃபாத்தாகி, இப்னு அரபி (ரஹ்) அவர்களின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகு, 1966-இல் அவரது உடல் தாயகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது.