குலப் பெயரைத் துறந்த புனிதை

ஸ்பெயின் நாட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. வழக்கமாக முதலில் தந்தையின் குடும்பப் பெயரும், அடுத்துத் தாயின் குடும்பப் பெயரும் வரும். திருமணமான பின்னும் பெண் தன் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. இம்முறை 19ஆம் நூற்றாண்டில்தான் சட்டமாக உறுதிப்பட்டது. அதற்கு முன்னர் பிள்ளைகள் தந்தை, தாய், பாட்டன், பாட்டி என எவர் பெயரையும் சூடிக்கொண்டனர். உடன்பிறந்தோரே வெவ்வேறு குடும்பப் பெயர்களால் அழைக்கப்பட்டனர். இவ்வழக்கத்தில் பிறந்து வளர்ந்து, பின்னர் குடும்பப் பெயரையே துறந்தவர் அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள். அவருடைய வரலாற்றை இங்குக் காண்போம்.

பிறப்பும் பெயரும்

தெரேசா 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அலோன்சோ சாஞ்செஸ் தெ செப்பேதா. தாயார் பெயாத்ரிஸ் தெ அவுமாதா. சாஞ்செஸ் என்பதற்குச் சாஞ்சோவின் மகன் என்பது பொருள். அது பாட்டனார் வழி வந்த பெயர். செப்பேதா என்பது பாட்டியாரின் குடும்பப் பெயர். தெரேசாவின் உடன்பிறந்தோருள் ரொத்ரிகோவும் லொரென்சோவும் செப்பேதா என்னும் பெயரைக் கொண்டனர். எர்னாந்தோவும் தங்கை ஹுவானாவும் அவுமாதா என்னும் பெயரைக் கொண்டனர். தெரேசாவும் தாயின் பெயரையே ஏற்றார். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது அத்தாய் மறைந்தார். தாயின் பெயர் மட்டும் மகளிடம் தங்கிற்று.

மறைக்கப்பட்ட கதை

அந்நாளைய ஸ்பெயினில் குலப்பெருமையே மானம் என்று கருதப்பட்டது. யூத குலத்திலிருந்து கிறிஸ்தவ மறைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களை மக்கள் ஐயத்தோடு நோக்கினர். தெரேசாவின் பாட்டனார் ஹுவான் சாஞ்செஸ் அத்தகையவர். தொலேதோ நகரில் துணி வணிகம் செய்துவந்த அவர், இரகசியமாகப் பழைய மறையைக் கைக்கொண்டார் என 1485இல் விசாரணை மன்றத்தின் தண்டனைக்கு உள்ளானார். வெள்ளிக்கிழமைதோறும் அவமான அங்கி அணிந்து, ஊரார் காண ஆலயம் ஆலயமாக நடந்தார். பின்னர் குடும்பம் அவிலாவில் குடியேறியது. அவருடைய புதல்வர்கள் 1519இல் வழக்காடி உயர்குடி உரிமையைப் பெற்றனர். அவ்வழக்கின் ஏடுகள் 1940களில்தான் வெளிவந்தன. அதுவரை இக்கதையை உலகம் அறியவில்லை.

கன்னியர் மடத்தில்

தெரேசா தமது இருபதாம் வயதில், 1535இல், அவிலாவிலுள்ள கார்மேல் மடத்தில் சேர்ந்தார். ஆனால் உலகப் பெருமை மடத்தின் வாசலோடு நின்றுவிடவில்லை. உயர்குடிப் பெண்கள் தோஞா என்னும் மரியாதைப் பட்டத்துடன் தனி அறைகளில் வாழ்ந்தனர். ஏழைக் கன்னியர் பொதுக்கூடத்தில் உறங்கினர். நம் புனிதையும் அங்கு ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் தோஞா தெரேசா தெ அவுமாதா என்றே வழங்கப்பட்டார்.

1562ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் அவர் புனித சூசையப்பர் பெயரால் ஒரு சிறு மடத்தை நிறுவினார். அங்குத் தோஞா என்னும் பட்டமும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. அவர் இயேசுவின் தெரேசா ஆனார். உயர்ந்த குலத்தில் பிறந்தவளே தன் தந்தையின் பெயரை மற்றெல்லாரினும் குறைவாகச் சொல்ல வேண்டும் என்று தம் கன்னியருக்குக் கற்பித்தார். பெருக்கும் வேலைக்குரிய முறைப்பட்டியலில் தலைமைச் சகோதரியின் பெயரே முதலில் வரவேண்டும் என்று விதித்தார்.

தொலேதோவில் சோதனை

1569இல் தொலேதோவில் மடம் அமைக்கச் சென்றார். ஒரு வணிகர் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு அவருடைய குடும்பத்தார் உதவ முன்வந்தனர்; ஆலயத்தில் தங்கள் குடும்பத்துக்கு அடக்க உரிமையும் கேட்டனர். வணிகருக்கு அவ்வுரிமையா என்று பெரியோர் பலர் தடுத்தனர். தெரேசா கலங்கினார், எனினும் ஆண்டவர் முன் குலம் ஒரு பொருட்டல்ல என்று தெளிந்து, வணிகர் குடும்பத்துக்கே அந்த உரிமையை அளித்தார். அவருடைய பாட்டனார் தலைகுனிந்து நடந்ததும் அதே தொலேதோவின் தெருக்களில்தான் என்பதை நினைக்கும்போது நம் உள்ளம் உருகுகிறது.

முடிவுரை

1582 அக்டோபர் 4ஆம் நாள் ஆல்பா தெ தோர்மெஸ் என்னும் ஊரில் தெரேசம்மாள் இறைவனடி சேர்ந்தார். நாட்காட்டித் திருத்தத்தால் மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அந்நாளே அவருடைய திருவிழா. 1622இல் புனிதை என்றும், 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்றும் அறிவிக்கப்பட்டார். மறைவல்லுநர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே.

பெற்றோர் தந்த பெயரை நாம் போற்றுவோம். ஆனால் வகுப்பிற்குப் புதிதாக வந்த தோழியிடம் பெயரைக் கேட்டபின், அடுத்து நாம் எதைக் கேட்கிறோம்? அவள் தந்தையின் வேலையையா, குலத்தையா? அவள் பெயர் ஒன்றே போதும் என்று கைகோத்துக்கொண்டால், தெரேசம்மாளின் சின்னஞ்சிறு மடம் நம் வகுப்பறையிலும் அமைந்துவிடும்.