கரும்பின் குலம் கண்ட ஜானகி அம்மாள்

பனச்சமூடு வட்டாரத்தில் மரச்சீனி நடுகிறவர் விதை தேடுவதில்லை. பழைய கம்பைத் துண்டு போட்டு ஊன்றுகிறார். தாய்ச்செடி எப்படியோ பிள்ளையும் அப்படியே. கிழங்கின் ருசி மாறாது. நோய் தாங்காத குணமும் மாறாது. ஒரு மூட்டைச் சாய்க்கும் நோய் விளையையே சாய்த்துவிடக் கூடும். விதையில் முளைப்பது அப்படியல்ல. ஒவ்வொன்றும் ஒரு தினுசு. இந்த வேற்றுமையை ஆராய்வதிலேயே ஆயுளைச் செலவிட்டவர் தாவரவியல் மேதை டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் 1897 நவம்பர் 4-ல் பிறந்தார். தந்தை சப் ஜட்ஜ். பெண்களுக்குப் பள்ளிப் படிப்பே அரிதாயிருந்த காலத்தில் சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து, 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் விஞ்ஞானக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை.

1934-ல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரும்பும் மரச்சீனி போலத்தான்; கரணை வைத்துப் பயிராவது. இனிப்பான தடிக்கரும்பு வடநாட்டின் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. ஆகவே அதை ஆற்றோர நாணலோடு கலந்து, 1918-லேயே கோ. 205 என்ற ரகத்தை அந்நிலையம் வெளியிட்டிருந்தது. இனிப்பு ஒரு பக்கம், உறுதி மறுபக்கம் வந்து சேர்ந்தது. இந்தக் கலப்பு உள்ளே எப்படி நடக்கிறது என்று ஜானகி அம்மாள் நுண்நோக்கியில் ஆராய்ந்தார்.

உயிரணுவுக்குள் குரோமோசோம் என்னும் நூலிழைகள் உள்ளன. பரம்பரைக் குணங்கள் அவற்றில் அடங்கியிருக்கின்றன. மகரந்தமும் சூல்முட்டையும் உண்டாகையில் அவை சீட்டுக்கட்டைப் போல் கலைந்து பாதியாகப் பிரியும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒன்றுபோல் இராததற்கு இதுவே காரணம். அபூர்வமாக, குணத்தின் குறிப்பே பிசகிப் புதுக்குணம் பிறப்பதும் உண்டு. செடிகளில் சில சமயம் குரோமோசோம் முழுவதும் இரட்டித்துவிடும். தடிக்கரும்புக்கு 80 குரோமோசோம். நாணலுக்கோ இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை. கரும்போடு மக்காச்சோளத்தையும் மூங்கிலையும்கூட அம்மையார் கலந்து பார்த்தார்.

உலகப்போர்க் காலத்தில் லண்டனில் பணியாற்றினார். விஞ்ஞானி டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் கணக்கைத் தரும் பெருநூலை 1945-ல் வெளியிட்டார். பின்னர் விஸ்லி தோட்டத்தில் கால்சிசின் மருந்தால் மக்னோலியா செடியின் குரோமோசோமை இரட்டிக்கச் செய்தார். அங்கு ஒரு மக்னோலியா ரகத்துக்கே அவர் பெயர் இடப்பட்டது. பிரதமர் நேருவின் அழைப்பின் பேரில் 1951-ல் நாடு திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எண்பது வயதைக் கடந்த பிறகும் அவர் ஓயவில்லை. பாலக்காடு ஜில்லாவின் சைலன்ட் வேலிக் காட்டை மூழ்கடிக்கவிருந்த மின்திட்டத்தை எதிர்த்தார். அக்காட்டுச் செடிகளின் குரோமோசோமை ஆராய்வதிலும் ஈடுபட்டார். 1984 பிப்ரவரியில் சென்னையில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

யாரும் மதிக்காத நாணல்தான் கரும்புக்கு உறுதி தந்தது. நாளை நம் மிளகுக்கோ வாழைக்கோ புதுநோய் வந்தால், அதைத் தாங்கும் குணம் ஏதோ ஒரு காட்டுச் செடியில் இருக்கலாம். காடு அழிந்தால் அந்தக் குணமும் அழியும். பிறகு எந்த ஆராய்ச்சி நிலையத்தாலும் அதை மீட்க முடியாது.