டாக்டர் ஜான்ஸனும் புத்தாண்டும்

புத்தாண்டு பிறக்குங்கால் ஆங்கிலம் பயிலும் மாணவர் நாவில் பயிலுஞ் சொற்கள் மூன்று உள. அவை 'விஷ்', 'ஹோப்', 'ரெஸல்யூஷன்' என்பன. இவை மூன்றும் ஒரு பொருளன என மயங்குவாரும் உளர். 'விஷ்' என்பது விருப்பம்; அது கைகூடாதவற்றின் மேலுஞ் செல்லும். ஆதலின் அன்றோ, இப்பொழுது இல்லாத ஒன்றை அச்சொல்லால் விரும்பியுரைக்கும்போது ஆங்கிலேயர் அடுத்த வினையை இறந்த காலத்தில் அமைக்கின்றனர். 'ஹோப்' என்பது நன்மை வருமென எதிர்நோக்கும் நம்பிக்கை; அதனையடுத்து நிகழ்காலமும் எதிர்காலமும் வரும். 'ரெஸல்யூஷன்' என்பதோ நாமே செய்வதாகக் கொள்ளும் உறுதி. கட்டவிழ்த்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று அது பிறந்தது. ஐயமாகிய முடிச்சை அவிழ்த்தபின் எஞ்சி நிற்பதே உறுதியென அறிக. இத்தகைய சொற்களின் பொருளையெல்லாம் ஆராய்ந்து அகராதி செய்ததோடு, இம்மூன்றின் வேற்றுமையைத் தம் வாழ்நாள் முழுதும் பட்டறிந்தவர் டாக்டர் சாமுவேல் ஜான்ஸன். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஜான்ஸன் 1709-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லிச்பீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மைக்கேல் ஜான்ஸன் புத்தக வியாபாரி. குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் பற்றி, அவர்தம் கண்பார்வையைக் குறைத்து, முகத்திலும் வடுவை விடுத்தது. அரசர் தொட்டால் அந்நோய் தீருமென அந்நாட்டார் நம்பியிருந்தமையின், தாயார் அவரை இலண்டனுக்கு எடுத்துச் சென்று ஆன் அரசியாரின் கை படச் செய்தனர். நோயோ தீர்ந்தபாடில்லை. ஆயினும் தந்தையார் கடையில் நிறைந்திருந்த நூல்களை அவர் ஆர்வத்தோடு கற்றுத் தேர்ந்தார்.

1728-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பெம்புரோக் கல்லூரியிற் புகுந்தார். வறுமை அவரை அங்கு நெடுநாள் இருக்கவொட்டவில்லை. கிழிந்த பாதரட்சையோடு அவர் திரிதலைக் கண்டு இரங்கிய ஒருவர், புதிய இணையொன்றை அவர் அறைவாயிலில் வைத்துச் சென்றார். மானமிகுந்த ஜான்ஸன் அதனை எடுத்தெறிந்தார். பதின்மூன்று திங்களிற் பட்டம் பெறாமலே வீடு திரும்பினார். 1731-இல் தந்தையாரும் இறந்தார். 1735-இல் தம்மினும் இருபது ஆண்டு மூத்த எலிசபெத் போர்ட்டர் என்னும் கைம்பெண்ணை மணந்து, பள்ளிக்கூடமொன்று நிறுவினார். மாணவர் மிகச் சிலரே வந்தனர். அவருள் ஒருவர் பிற்காலத்துப் பெரும்புகழ் பெற்ற நடிகர் டேவிட் காரிக். பள்ளி நடவாதொழியவே, 1737-இல் ஆசிரியரும் மாணவருமாக இருவரும் பிழைப்பு நாடி இலண்டன் சேர்ந்தனர்.

இலண்டனில் பத்திரிகைகளுக்கு எழுதி வறிதே காலங்கழித்த ஜான்ஸனை, 1746-இல் புத்தக வியாபாரிகள் சிலர் கூடி ஆங்கில அகராதி செய்யுமாறு அமர்த்தினர். ஊதியம் 1575 பவுன். எழுத்தாளர் அறுவர்க்கும் கூலி அதனுள்ளேயே அடங்கும். மூன்றாண்டில் முடிப்பதென்பது அவர்தம் நம்பிக்கை; முடிந்தது ஏறக்குறைய ஒன்பதாண்டில். கப் சதுக்கத்து வீட்டின் மேன்மாடத்தில் வேலை நடந்தது. ஜான்ஸன் நல்லாசிரியர் நூல்களைப் படித்து, வேண்டிய சொல்லின்கீழ்க் கோடிட்டு, அதன் முதலெழுத்தை ஓரத்தில் வரைவார். எழுத்தாளர் அவ்வாக்கியத்தைத் தனிச்சீட்டில் பெயர்த்தெழுதி அகர வரிசையில் அடுக்குவர். இங்ஙனம் நாற்பத்தீராயிரத்துக்கு மேற்பட்ட சொற்களும், இலக்கத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களும் திரண்டன. சொல்லின் பொருள் அது வழங்கும் வாக்கியத்திலேயே விளங்குமென்பது அவர் கைக்கொண்ட முறை. சொற்பட்டியலை மட்டும் நெட்டுருப் பண்ணும் நம் மாணவர் இதனைக் கருதுவாராக.

இவ்வளவு பெரும்பணி செய்தாரைச் சோம்பர் என்றால் நம்புவார் யார்? ஆனால் ஜான்ஸன் தம்மை அங்ஙனமே கருதினார். நண்பகல் வரை படுக்கையிற் கிடப்பதும், வேலையைக் கடைசி நாள்வரை தள்ளிவைப்பதும் அவர்க்கு இயல்பாயிருந்தன. மனச்சோர்வு அடிக்கடி வந்து வருத்திற்று. தம் அறிவு பேதலித்துவிடுமோ என்றும் அஞ்சினார். அதனால் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளில் தேவனை நோக்கி ஒரு ஜெபம் எழுதிவைக்கும் வழக்கத்தை மேற்கொண்டார். அவற்றுள் 1745-ஆம் ஆண்டுப் பிறப்பிற்குரியதும் ஒன்று. அக்காலத்தே இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச்சு 25-ஆந் தேதியில்; 1752 முதற்றான் ஜனவரி முதல் நாள் சட்டப்படியும் புத்தாண்டாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் புதிய பஞ்சாங்கமும் வந்தது. 1753-ஆம் ஆண்டு ஜெபத்தில், இனிப் புதிய கணக்கையே வழங்குவதாக ஜான்ஸன் குறித்துவைத்தார்.

அவ்வாண்டுப் பிறப்பு அவர்க்குத் துயரமானது. முந்திய மார்ச்சு மாதத்தில் மனைவியார் இறந்துவிட்டார். ஆயினும் 1753 ஏப்ரல் 3-ஆந் தேதி மற்றொரு ஜெபத்தோடு அகராதியின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினார். 1755 ஏப்ரல் 15-ஆந் தேதி இரு பெரும் பாகங்களாக அகராதி வெளிவந்தது. பட்டமின்றிச் சென்றவர்க்கு ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் எம்.ஏ. பட்டமளிக்க, அது நூலின் முகப்பில் இடம்பெற்றது. புகழ் வந்ததேயன்றிப் பொருள் வரவில்லை. மறுவருடமே, ஆறு பவுனுக்குச் சற்றுக் குறைந்த கடனுக்காகக் கைதுசெய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸன் உதவியதால் மீண்டார். 1762-இல் அரசர் ஆண்டுக்கு 300 பவுன் உதவிச்சம்பளம் அளித்தபின்னரே வறுமை நீங்கிற்று.

வறுமை நீங்கியும் சோம்பல் நீங்கவில்லை. 1757-ஆம் ஆண்டு முடிவுக்குள் தருவதாக வாக்களித்த ஷேக்ஸ்பியர் பதிப்பு 1765-லேதான் வந்தது. விடியலில் எழுதல், வேதாகமம் வாசித்தல், நாட்குறிப்பு எழுதல், ஆலயத்துக்கு ஒழுங்காய்ச் செல்லுதல் என்னும் அதே தீர்மானங்கள் புத்தாண்டுதோறும், ஈஸ்டர்தோறும், பிறந்தநாள்தோறும் அவர் குறிப்புக்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. முந்தியவை நிறைவேறாமையையும் அவர் மறையாது எழுதினார். 1775-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று, இத்தனை தோல்விக்குப் பின்னும் மீண்டும் உறுதிகொள்வது ஏன் எனத் தம்மைத் தாமே வினவிக்கொண்டார். திருந்தாதிருத்தல் ஆகாது, நம்பிக்கையைக் கைவிடுதலோ குற்றம், ஆதலின் மீண்டுந் தொடங்குவதே கடன் என்பது அவர் கண்ட விடை.

இஃது வெறும் சொல்லன்று. இளமையில் ஒருநாள், உட்டாக்ஸிடர் சந்தையில் தந்தையார் நடத்திய புத்தகக் கடைக்குச் செல்லச் செருக்கினால் மறுத்திருந்தார். முதுமையில் அச்சந்தைக்குச் சென்று, அவ்விடத்தே மழையில் வெறுந்தலையோடு நெடுநேரம் நின்று அப்பிழைக்கு இரங்கினார். தம் வீட்டில் கண்ணிழந்த அன்னா வில்லியம்ஸ் அம்மையாரையும், ஏழைகட்கு மருத்துவஞ் செய்த இராபர்ட் லெவெட்டையும் வைத்து ஆதரித்தார். ஜமெய்க்காவில் அடிமையாய்ப் பிறந்து 1752-இல் தம்மிடம் வந்த பிரான்சிஸ் பார்பரைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைத்து, இறுதியில் தம் சொத்தின் பெரும்பகுதியையும் அவர்க்கே எழுதிவைத்தார். விடியலில் எழுந்திருக்கும் உறுதி நிறைவேறாது போயினும், பிறர் துயர் துடைக்கும் அன்பு வீண்போகவில்லை.

1784 டிசம்பர் 13-ஆந் தேதி, 75-ஆம் வயதில், ஜான்ஸன் உயிர்நீத்தார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றார். அடுத்த ஆண்டில் அவர்தம் ஜெபங்களை ஜார்ஜ் ஸ்டிரகான் என்னும் குருவானவர் பதிப்பித்தார். பேரறிஞரின் குறைபாடுகளை இங்ஙனம் வெளியிடலாமோ என்று அந்நாளில் வருந்தினோரும் உண்டு. நாமோ அந்நூலால் அவர் பெருமை குறைந்ததாகக் கருதவில்லை.

மாணவ நண்பர்காள்! இவ்வாண்டும் நாம் பல தீர்மானங்கள் செய்வோம். அவற்றுட் சில தைத்திங்கள் கழியுமுன்னரே தளரக்கூடும். அப்போது நம்மைப் போலிகளென்று நாமே இகழ்ந்து முயற்சியை விடுதல் தகாது. நாற்பத்தீராயிரஞ் சொற்களை ஒழுங்குபடுத்திய பெரியார்க்கும் தம் காலைப்பொழுதை ஒழுங்குபடுத்துதல் அரிதாயிருந்தது. விருப்பத்தோடு நில்லாது நம்பிக்கை கொள்வோம். நம்பிக்கையோடு நில்லாது உறுதி கொள்வோம். உறுதி தவறின் மறுநாளே மீண்டுந் தொடங்குவோம். அதற்குரிய வலிமையை இறைவன் நமக்கு அருள்வாராக.