படுக்கையிலிருந்து சீனாவுக்கு



ஹட்சன் டெய்லரைப் பற்றி எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டபோது நான் கொஞ்சம் தயங்கினேன். அவர் கதை நமக்குப் புதிதல்ல. சீன உடை போட்டுக்கொண்டு, தலையில் ஜடை வளர்த்து, சம்பள வாக்குறுதி எதுவும் இல்லாமல் சீன உள்நாட்டு மிஷனை ஆரம்பித்த விசுவாச வீரர் என்று ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த மனுஷனுடைய வாழ்நாளில் எவ்வளவு காலம் சுகவீனத்தில் போயிற்று, எத்தனை தடவை வேலைக்குத் திரும்ப முடியாமல் தவித்தார் என்பதை யாரும் நமக்கு நின்று நிதானமாகச் சொல்லவில்லை. எனக்கே அது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதுகு போய் படுத்திருந்தபோதுதான் தெரிய வந்தது.

என் காரியம் உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு மில்லில் ஸ்டோர் வேலை. நூல் மூட்டையை இறக்கும்போது இடுப்பில் டிஸ்க் விலகி, வலது கால் மரத்துப்போய், நாலு மாதம் படுக்கை. உபவாச ஜெபத்துக்குப் பிறகு வலி நன்றாகக் குறைந்தது. அடுத்த ஞாயிறே சபையில் எழும்பி, பூரண சுகம் கிடைத்துவிட்டது என்று சாட்சி சொன்னேன். மறுவாரம் வேலைக்குப் போனேன். டாக்டர் பாரம் தூக்கக் கூடாது என்று சொன்னதை மில்லில் சொல்லவில்லை. இடுப்பு பெல்ட்டைச் சட்டைக்குள்ளே மறைத்துக் கட்டிக்கொண்டேன். சாட்சி சொன்னவன் எந்த முகத்தோடு இலகுவான வேலை கேட்பான்? மூன்றாம் வாரம் மறுபடியும் விழுந்தேன். இன்னும் இரண்டு மாதம், அதுவும் சம்பளமில்லாத லீவு. விசாரிக்க வந்தவர்கள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை, எல்லாரும் அன்பாய்த்தான் வந்தார்கள். ஆனாலும் என் விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்ற எண்ணம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அப்போது ஒரு சகோதரி கொண்டுவந்து கொடுத்ததுதான் டெய்லரின் ஜீவிய சரித்திரம்.

அவர் 1832-ம் வருஷம் மே 21-ம் தேதி இங்கிலாந்தில், யார்க்ஷயர் பகுதியிலுள்ள பார்ன்ஸ்லி என்ற ஊரில் பிறந்தார். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர். சரீரத்தில் ஆரம்பத்திலிருந்தே அவ்வளவு பெலம் கிடையாது. லண்டனில் மருத்துவம் படிக்கும்போது, கடுமையான காய்ச்சலில் இறந்த ஒருவரின் சடலத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பில், விரலில் இருந்த சின்ன ஊசிக் காயத்தின் வழியாக விஷம் ஏறி, சாவின் விளிம்புவரை போய் வந்தார். அதற்குப் பிறகுதான், 1853 செப்டம்பரில் லிவர்பூலில் கப்பல் ஏறி, 1854 மார்ச் 1-ம் தேதி ஷாங்காய் சேர்ந்தார். வயது 21.

அடுத்த ஆறு வருஷத்தை இங்கே வேகமாகக் கடந்து போகிறேன். நிங்போ என்ற பட்டணத்தில் ஊழியம் செய்தார். 1858-ல் மரியா டயரை விவாகம் செய்தார். மறுவருஷம் அங்கே ஆஸ்பத்திரி நடத்திவந்த டாக்டர் பார்க்கருடைய மனைவி திடீரென்று மரித்துப்போக, பார்க்கர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரி முழுவதும் டெய்லர் தலையில் விழுந்தது. நோயாளிகளுக்கு வைத்தியம், பிரசங்கம், கணக்கு வழக்கு எல்லாம் ஒரே ஆள். சில மாதங்களில் சரீரம் உடைந்தது. 1860-ல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இங்கிலாந்துக்குத் திரும்பினார். இனி சில வருஷங்களாவது சீனாவை நினைக்கவே கூடாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள்.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். 28 வயது. கர்த்தர் அழைத்தார் என்று நம்பி எல்லாவற்றையும் விட்டுப் போனவர், ஆறே வருஷத்தில் சுகமில்லாதவர் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். திரும்பிப் போக ஆறு மாதமா, ஒரு வருஷமா? முழுசாக ஐந்தரை வருஷம் ஆனது பிரியமானவர்களே.

அந்த ஐந்தரை வருஷமும் அவர் சும்மா படுத்திருக்கவில்லை. அதேசமயம், எனக்குச் சுகமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு அடுத்த கப்பலில் ஏறவும் இல்லை. லண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில், சின்ன வீடு எடுத்தார். முன்னே பாதியில் விட்டிருந்த மருத்துவப் படிப்பை முடித்து 1862-ல் பட்டம் வாங்கினார். நிங்போ ஜனங்களுடைய பேச்சு வழக்கில் புதிய ஏற்பாட்டைத் திருத்தும் வேலையை இன்னொரு மிஷனரியோடு சேர்ந்து செய்தார். மணிக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாகப் பார்க்கிற வேலை. சீனாவில் ஆத்துமாக்கள் அழிந்துகொண்டிருக்கும்போது நான் இங்கே எழுத்து பார்த்துக்கொண்டு இருக்கிறேனே என்று அவருக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா? ஆனால் அந்த மேஜைக்கு எதிரே தொங்கிய சீன தேசப்படத்தைத் தினமும் பார்த்துப் பார்த்துத்தான், மிஷனரியே எட்டிப் பார்க்காத உள்நாட்டு மாகாணங்களின் பாரம் அவருக்குள் வந்தது. 1865 ஜூன் 25-ம் தேதி பிரைட்டன் கடற்கரையில் அவர் தம்மை ஒப்புக்கொடுத்தது அந்தப் பாரத்தின் முடிவில்தான். மறுவருஷம் மே மாதம் லாமர்மூர் என்ற கப்பலில் பெரிய கூட்டமாகப் புறப்பட்டார்கள். நோயாளி என்று வீட்டுக்கு வந்தவர், ஒரு மிஷனுக்குத் தலைவராகத் திரும்பிப் போனார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நாமும் சந்தோஷமாக அல்லேலூயா சொல்லிவிட்டு எழுந்து போயிருப்போம். ஆனால் முடியவில்லை. 1867-ல் எட்டு வயது மகள் கிரேஸ் மூளைக்காய்ச்சலில் மரித்தாள். 1870-ல் இரண்டு ஆண்பிள்ளைகளையும், ஜூலை 23-ம் தேதி மரியாவையும் அடக்கம் செய்தார். மறுவருஷம் நொந்த சரீரத்தோடு மறுபடி இங்கிலாந்து. அங்கே மிஷனரி சகோதரி ஜென்னியை விவாகம் செய்துகொண்டு, 1872-ல் மறுபடி சீனா.

1874 ஜனவரியில் அவர் தம்முடைய வேதாகமத்தின் ஓரத்தில் ஒரு ஜெபக் குறிப்பு எழுதி வைத்தார். மிஷனரி இல்லாத ஒன்பது மாகாணங்களுக்கும் ஊழியர்கள் வேண்டும் என்று. எழுதிச் சில மாதங்களே ஆயின. யாங்ட்ஸி நதியில் படகில் போகும்போது கால் தவறி விழுந்தார். கணுக்கால் வீங்கி, கோல் ஊன்றி நடந்தார். கணுக்கால் ஆறியது. அடி பட்டது முதுகுத்தண்டில் என்று பின்னால்தான் தெரிந்தது. இங்கிலாந்து வந்து சேரும்போது கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலற்றுக்கொண்டே வந்தன. அவ்வருஷக் குளிர்காலத்தில் இரண்டு கால்களும் முடங்கி, லண்டன் பைர்லாண்டு சாலை வீட்டின் மாடியறையில் முழுப் படுக்கையாகிவிட்டார். இனி நடக்கவே முடியாமல் போகலாம் என்ற நிலைமை.

அங்கே லண்டன் அலுவலையும் அவருடைய பிள்ளைகளையும் பார்த்துவந்த சகோதரி எமிலி பிளாட்ச்லி, அவர் வந்து சேருவதற்குள்ளாகவே ஜூலையில் மரித்திருந்தார். வேலை கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது.

அந்தக் கட்டிலைப் பற்றி நான் பல தடவை யோசித்திருக்கிறேன். நாலு கால் வைத்த ஒடுக்கமான கட்டில். மேலே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரண்டு படுக்கவேண்டுமானால் அதைப் பிடித்து இழுத்துத்தான் திரும்பவேண்டும். (முதுகு போனவர்களுக்கு இது புரியும். நானும் ஜன்னல் கம்பியில் என் மனைவியின் பழைய சேலையைக் கட்டி வைத்திருந்தேன்.) கால்மாட்டில் இரண்டு கட்டில் கால்களுக்கும் நடுவே சீன தேசப்படம். அவரால் பேனா பிடித்து அதிகம் எழுத முடியாது. ஆகவே உதவிக்கு யார் வர முடியுமோ அவர்கள் வந்து கட்டிலைச் சுற்றி உட்காருவார்கள். இவர் சொல்லச் சொல்ல கடிதங்களை எழுதுவார்கள். மிஷன் ஆலோசனைக் கூட்டமும் அந்த அறையிலேதான் நடந்தது. ஓடி ஓடி எல்லாவற்றையும் தாமே செய்து உடைந்துபோன நிங்போ டாக்டர், இப்போது ஒரு கடிதத்துக்கும் இன்னொருவர் கைக்காகக் காத்திருக்கிறார். அவர் தங்கை அமீலியாவின் கணவர் பெஞ்சமின் புரூம்ஹாலும் குடும்பமாக லண்டனுக்கு வந்து அலுவல் பாரத்தில் தோள் கொடுத்தார்.

1875 ஜனவரியில் அந்தக் கட்டிலிலிருந்து ஒரு வேண்டுகோள் கிறிஸ்தவப் பத்திரிகைகளுக்குப் போனது. 15 கோடிக்கும் மேலான ஜனங்கள் வாழும் ஒன்பது மாகாணங்களுக்குப் போக 18 பேரைத் தேவன் எழுப்பும்படி ஜெபியுங்கள் என்பது அதன் சாரம். எழுதியவரோ மாடிப்படி இறங்க முடியாதவர். போதாக்குறைக்கு, அடுத்த மாதமே யுனான் மாகாணத்தில் மார்கரி என்ற ஆங்கில அதிகாரி கொலை செய்யப்பட்டார். உள்நாட்டுக் கதவு அடியோடு சாத்தப்பட்டதுபோல ஆனது. யுத்தம் வரும் என்றே பலரும் பேசினார்கள்.

ஆனாலும் வாலிபர்கள் ஒவ்வொருவராக அந்த மாடியறைக்கு வந்தார்கள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சீன பாஷையில் முதல் பாடம் கற்றவர்களும் உண்டு. அவ்வருஷ மத்தியில் மிஷனுக்கென்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். 18 பேரும் கிடைத்தார்கள். டெய்லருக்கும் மெதுவாக, மிக மெதுவாக, கால்களில் உயிர் திரும்பியது. 1876 செப்டம்பரில் மறுபடியும் கப்பல் ஏறினார். யுத்தம் வரப்போகிறது, இப்போது போகாதே என்றார்கள். அவர் கடலில் இருக்கும்போதே, செப்டம்பர் 13-ம் தேதி, சீஃபூ உடன்படிக்கை கையெழுத்தானது. மார்கரி கொலையை ஒட்டி வந்த அந்த உடன்படிக்கையினால் வெளிநாட்டார் உள்நாட்டில் பிரயாணம் செய்யப் பாதுகாப்பு கிடைத்தது. பாஷை கற்றுத் தயாராய் நின்ற 18 பேரும் உள்ளே போனார்கள். கொஞ்சம் முன்னாலேயே டெய்லர் எழுந்து ஓடியிருந்தால்? நான் அதற்குப் பதில் எழுத வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு பல இரவுகள் கிடந்தேன்.

அவர் ஒரேயடியாகச் சுகமாகிவிடவும் இல்லை. 1878-ல் சீனாவின் வடபகுதியில் கொடிய பஞ்சம். போகவேண்டியவர் அவர், ஆனால் அவர் இங்கிலாந்தில் நிற்கவேண்டியிருந்தது. மனைவி ஜென்னி இரண்டு சகோதரிகளோடு புறப்பட்டுப் போய் அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்தார். தன் பத்துப் பிள்ளைகளோடு இவர்கள் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர் தங்கை அமீலியா. நம் வீடுகளில் ஆண்பிள்ளை படுத்துவிட்டால், மனைவி வேலைக்குப் போவதைக் குறைவாகப் பேசுகிறோமே, அவர்கள் இந்த வருஷத்தைக் கொஞ்சம் வாசிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

கடைசி உடைவு 1900-ல் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் பட்டணத்துப் பிரசங்க மேடையில், சொன்ன வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த ஏ.டி. பியர்சன் எழும்பி கூட்டத்தை நடத்தி முடித்தார். ஓய்வுக்காக சுவிட்சர்லாந்து கொண்டுபோனார்கள். அங்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தந்தி வந்தது. பாக்ஸர் கலகத்தில் அவருடைய மிஷனைச் சேர்ந்த 58 பேரும், அவர்களுடைய பிள்ளைகள் 21 பேரும் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் அவரால் வாசிக்க முடியவில்லை, யோசிக்க முடியவில்லை, ஜெபிக்கக்கூட முடியவில்லை. ஹட்சன் டெய்லருக்கே ஜெபிக்க முடியாத நாட்கள் இருந்தன! இதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பொறுப்பை டிக்சன் ஹோஸ்டிடம் கொடுத்துவிட்டு, 1902-ல் முழுவதுமாக விலகினார். விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர்.

1904-ல் ஜென்னியும் புற்றுநோயால் மரித்தார். மறுவருஷம், 72 வயதில், எந்தப் பதவியும் இல்லாமல் மகனோடும் மருமகளோடும் கடைசி முறையாகச் சீனா வந்தார். நெடுங்காலம் சுவிசேஷத்துக்குக் கதவடைத்திருந்த ஹூனான் மாகாணத்தின் தலைநகரான சாங்ஷா வரைக்கும் போய்ப் பார்த்தார். அங்கே 1905 ஜூன் 3-ம் தேதி மாலை, சத்தமில்லாமல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மரியாவின் பக்கத்தில், சின்கியாங் பட்டணத்தில் அடக்கம் செய்தார்கள். அப்போது மிஷனில் 800-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருந்தார்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த வாரத்தில் நான் மில்லுக்குப் போனேன். வேலை செய்ய அல்ல, பேச. டாக்டர் எழுதிக் கொடுத்ததை மேனேஜர் மேஜையில் வைத்தேன். மூட்டை தூக்க முடியாது, ஒரேயடியாக ஒரு மணி நேரத்துக்குமேல் உட்காரவும் முடியாது, பதிவேடு எழுதுகிற வேலை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். தொண்டை அடைத்தது. அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு மாதம் இழுத்தது. பிறகு அரை நாள் வேலை, அரைச் சம்பளம். இப்போது முழு நாள் போகிறேன், சம்பளம் பழைய சம்பளம் இல்லை. மூட்டை இறக்குகிற நாளில் பக்கத்துப் பையனைக் கூப்பிடுகிறேன், அவனும் முகம் சுளிக்காமல் வருகிறான்.

சபையிலும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. போன மாதம் சாட்சி வேளையில் எழும்பி, முன்பு பூரண சுகம் என்று சொன்னது என் அவசரம், இன்னும் வலி இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவருக்கு சர்க்கரையால் காலில் புண். ஒரு சகோதரிக்கு மூட்டுவாதம், தையல் மிஷினை மிதிக்க முடியவில்லை. மூன்றாமவர் என்னவென்று சொல்லவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு என் வீட்டில் கூடி ஜெபிக்கிறோம். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறோம்.