கூட்டலா, பெருக்கலா? வைத்தியர் செலிகொஃப் கண்ட கணக்கு

அஸ்பெஸ்டஸ் தூசு புற்றுநோயைத் தரும் என்பது இன்று நம் எல்லோருக்கும் தெரியும். சிகரெட்டும் அப்படித்தான். இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை எண்ணிக் காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க வைத்தியர் இர்விங் செலிகொஃப்.

1915இல் நியூயோர்க் புரூக்ளினில் பிறந்த அவர், முதலில் பெயர் பெற்றது காசநோய்க்கான ஐசோனியாசிட் மருந்தைப் பரிசோதித்த குழுவில். பின்னர் நியூ ஜேர்சியின் பற்றர்சன் நகரில் மருத்துவ நிலையம் நடத்தியபோது, அஸ்பெஸ்டஸ் தொழிலாளர் பலர் நோயாளிகளாக வந்தனர். அவர்களின் நுரையீரல் நோய்கள் அவரை யோசிக்க வைத்தன.

அவர் தொழிற்சங்கப் பதிவேடுகளை நாடினார். வெப்பக்காப்பு வேலை செய்த 632 பேரின் வாழ்வையும் சாவையும் தொடர்ந்து பார்த்தார். பொதுமக்களின் இறப்பு வீதப்படி அவர்களில் ஆறேழு பேரே நுரையீரல், அதன் உறைப் புற்றுநோயால் இறந்திருக்க வேண்டும். இறந்தவர்கள் 45 பேர். 1964இல் இது வெளியானது.

அடுத்து, புள்ளிவிபரவியலாளர் கைலர் ஹமண்டுடன் சேர்ந்து சிகரெட்டையும் கணக்கில் எடுத்தார். 12,051 தொழிலாளரை வைத்து 1979இல் வந்த முடிவு இது: இரண்டும் இல்லாதவருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து 1 என்றால், அஸ்பெஸ்டஸ் மட்டும் பட்டவருக்கு ஏறத்தாழ 5, புகைப்பவருக்கு 11, இரண்டும் உள்ளவருக்கு 53. மேலதிக ஆபத்துகளை வெறுமனே கூட்டினால் 15 தான் வரும். ஐந்தைப் பதினொன்றால் பெருக்கினால் 55. ஆபத்து கூடவில்லை, பெருகியிருந்தது.

நிறுவனங்கள் வழக்குகளில் சிகரெட்டைக் காட்டித் தப்பப் பார்த்தன. ஆனால் புகைக்காத தொழிலாளருக்கும் ஆபத்து ஐந்து மடங்கு என்று அதே கணக்கு சொன்னது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவுக்கோ சிகரெட்டோடு தொடர்பே இல்லை. அதைக் கொண்டுவருவது அஸ்பெஸ்டஸ்.

செலிகொஃப் 1992இல் காலமானார். புலம்பெயர்ந்த நாடுகளில் பழைய கட்டடங்களை உடைத்துத் திருத்தும் வேலையில் நம்மவர் பலர் இருக்கிறார்கள். தூசு படியும் அந்த வேலையின் இடைவேளையில் சிகரெட் பற்றவைப்பவர்களும் உண்டு. பெருக்கல் கணக்கில் ஒரு நன்மையும் இருக்கிறது: இரண்டில் ஒன்றை விலக்கினாலே ஆபத்தின் பெரும்பகுதி விலகும். தூசைத் தடுப்பது முதலாளியின் கடமை. அதைக் கேட்டு வாங்குவோம். சிகரெட்டை விடுவது நம் கையில் இருக்கிறது.