கழற்றிக் கற்ற மேதை

கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைகொண்ட அவர், கோவை உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து, காசு சேர்த்து, வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருக்குப் பொறியியற் கல்லூரி!

கழற்றுவது எளிது, பூட்டுவதே அரிது. நம் தருமபுரிப் பக்கத்துக் கிணற்றடி டீசல் என்ஜின்களைப் பழுதுபார்ப்போர் இதனை அறிவர். டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால் என்ஜின் நின்றுவிடும். திருகைத் தளர்த்தி, நுரை அடங்கி டீசல் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்றி, பிறகு இறுக்க வேண்டும். ஏட்டில் படியாமலே இதனைச் செய்யும் தந்தையர் நம்மில் பலருக்கு உண்டு. அண்ணன்மார் வேலையென்று நாம்தான் ஒதுங்கி நிற்கிறோம். ஸ்பானர் நமக்கும் கனமன்று.

1920-இல் ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கிய நாயுடு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே அதனை ஓட்டினார். மண்ணெண்ணெயில் சுழலும் விசிறியும், மின்சாரச் சவரக் கருவியும் கண்டார். 1937-இல் பாலசுந்தரம் அவர்களுடன் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். 1945-இல் தொழிற்கல்வி நிலையம் ஏற்படக் காரணமானார். ஆயினும், ஆண்டுக்கணக்கில் வகுப்பறையில் அமர்ந்திருப்பது வீண் என்பதே அவர் கட்சி. நம் அருட்சகோதரியர் இதனை ஏற்பார்களோ, அறியோம்!

1974 சனவரி 4-இல் அவர் மறைந்தார்.