எல்லோரும் பாட ஒரு பாட்டு
முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் கதை

சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் கோவளம் இருக்கிறது. மீனவர்கள் வாழும் ஊர்.

அங்கே தர்கா உண்டு. மாதா கோவில் உண்டு. சிவன் கோவிலும் உண்டு. பாங்கு ஓசையையும் மணி ஓசையையும் கேட்டே அந்த ஊர்ப் பிள்ளைகள் வளருகிறார்கள்.

இப்படிப் பல மதத்தாரோடு வளரும் பிள்ளையின் மனதில் என்ன பதியும்? மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கை இதற்கு விடை சொல்லும்.

திருச்சியில் படிப்பு

திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை. கத்தோலிக்கக் குடும்பம்.

சிறு வயதிலேயே படிப்புக்காகத் திருச்சிக்கு வந்தார். தியாகராச பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார்.

மலைக்கோட்டைப் பிள்ளையார் கோவிலும், நத்தர்வலி தர்காவும், கிறிஸ்தவ ஆலயங்களும் உள்ள ஊர் அது. அந்த ஊரே அவருக்கு இன்னொரு பள்ளிக்கூடம்!

முன்சீப் ஆனார்

கோர்ட்டில் சிறிய வேலையில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, முன்சீப் ஆனார். இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயூரத்தில் 13 ஆண்டுகள் நீதி வழங்கினார்.

அந்நாளில் மேல் கோர்ட்டுத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்றால், அது எல்லோருக்கும் புரிய வேண்டும் அல்லவா? 1805 முதல் 1861 வரை வந்த தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்தார்.

ஆணுக்கு உள்ள கல்வி பெண்ணுக்கும் வேண்டும் என்று நூல்கள் எழுதினார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரமும் (1879) அவர் எழுதியதே.

உயிர் நண்பர்கள்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறந்த சிவபக்தர். சிவத்தலங்களின் புகழைப் பாடியவர். அவரே கிறிஸ்தவரான வேதநாயகம் பிள்ளை மீது "குளத்துக் கோவை" பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் நெருங்கிய நண்பர். நட்புக்கு மதம் குறுக்கே நிற்கவில்லை.

கொடிய பஞ்சம்

1876-ல் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1878 வரை மக்களை வாட்டியது. பட்டினியால் ஜனங்கள் சுருண்டு விழுந்தார்கள்.

வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றினார். வந்தவர் என்ன சாதி, என்ன மதம் என்று பார்க்கவில்லை. பசிக்கு ஏது மதம்?

பொதுப் பாட்டு

1878-ல் "சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்" வெளிவந்தது. கடவுள் ஒருவரே, அவர் எல்லோருக்கும் தந்தை என்ற எண்ணத்தோடு அமைந்த நூல். எந்த மதத்தாரும் பாடலாம்.

அவர் தம் மதத்தை விடவில்லை. பிறர் மதத்தைப் பழிக்கவும் இல்லை. இந்த இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்று வாழ்ந்து காட்டினார்.

1889-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி காலமானார். அவருடைய கீர்த்தனைகளைக் கச்சேரி மேடைகளில் இன்றும் கேட்கலாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறு மதமா? நம் பிள்ளையோடு சேர்ந்து விளையாடட்டும். சமத்துவப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.